போனைப் பிடுங்கினால் ஊர் கூடிவிடாது

வாசலில் ஒரு கூடை. வருகிறவர்கள் கைப்பேசியை அணைத்து அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே தாயக்கட்டம், பல்லாங்குழி, கேரம், சீட்டுக்கட்டு. இரவு பத்து மணி வரை யாரும் திரையைப் பார்க்கக் கூடாது. குடியிருப்போர் சங்கங்களும் பள்ளிக்கூடங்களும் ஞாயிறு இணைப்பிதழ்களும் இப்போது எழுதிக்கொடுக்கும் மருந்துச்சீட்டு இது. ‘திரையில்லா விளையாட்டு இரவு’ என்று பெயர் வைத்தாயிற்று. மனிதர்களை மறுபடி ஒன்றுசேர்க்க இதுதான் வழி என்கிறார்கள்.

பழுப்பு நிலக்கரிச் சுரங்க ஊழியர்களுக்காக வட்டம் வட்டமாகக் கட்டிய நெய்வேலி டவுன்ஷிப் மாதிரி ஊர்களில் இந்தப் பேச்சு சுலபமாக எடுபடும். ‘அந்தக் காலத்தில் வட்டத்துக்கு வட்டம் எப்படி இருந்தோம்! சாயங்காலமானால் குவார்ட்டர்ஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம், பிள்ளைகள் தெருவில் ஆடிக்கொண்டிருக்கும். போன் வந்தது, எல்லாம் போயிற்று.’ ஓய்வுபெற்ற பெரியவர்கள் சொல்லும்போது மறுத்துப் பேச மனசு வராது. ஆனாலும் மறுக்கத்தான் வேண்டும். ஆட்டம் மனிதர்களைச் சேர்த்தது, திரை பிரித்தது, ஆகவே திரையை எடுத்துவிட்டு ஆட்டத்தை வைத்தால் மனிதர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்ற இந்தக் கணக்கில் மூன்று வரியும் தப்பு என்பது என் கட்சி.

முதலில் பழைய கதையைப் பார்ப்போம். ஆட்டம் நமக்குப் புதிதில்லை. கீழடியில் மண்ணைத் தோண்டினால் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைக்கின்றன. பழைய கோயில்களின் தரைக்கல்லில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். ஆட்ட இரவு என்றே சொல்லத்தக்க ஒன்றும் நம்மிடம் இருந்தது. வைகுண்ட ஏகாதசியன்று பட்டினி கிடந்து இரவெல்லாம் கண்விழிக்க வேண்டும். சொர்க்கவாசல் திறக்கும் வரை இமை மூடக் கூடாது. அதற்காகப் பரமபதப் படத்தை விரித்தார்கள். ஏணியில் ஏறி, பாம்பில் சறுக்கி, மறுபடி முதல் கட்டத்திலிருந்து தொடங்கினால் மூன்றாம் சாமம் தாண்டிவிடும். (மேலே போகப் போகப் பாம்பு நீளமாகிக்கொண்டே போகும். அந்தப் படத்தை வரைந்தவருக்குத் தூக்கத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.)

கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, கீழே சமையல்காரர்கள் காய் நறுக்கிக்கொண்டிருக்க, மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்து ரம்மி போடும் மாமாக்களை எல்லாருக்கும் தெரியும். சாவு வீட்டில் ராத்திரி விழித்திருக்க வேண்டியவர்கள் சீட்டுக்கட்டைப் பிரிப்பதும் பல ஊர்களில் வழக்கம்தான். இதில் எந்த ஆட்டமாவது மனிதர்களைச் சேர்ப்பதற்காக நடந்ததா? விரதமும் கல்யாணமும் சாவும் அவர்களை ஏற்கெனவே சேர்த்துவிட்டன. சேர்ந்தவர்களுக்கு விடியும் வரை பொழுது போக வேண்டியிருந்தது. அந்த வேலையைத்தான் தாயமும் சீட்டும் செய்தன.

அதே ஏகாதசிக்கும், கண்விழிக்கும் சிவராத்திரிக்கும் பிற்காலத்தில் சினிமாக் கொட்டகைகள் விடிய விடிய இரண்டு படம், மூன்று படம் என்று ஓட்டின. ஜனங்கள் பரமபதப் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டுக் குடும்பம் குடும்பமாக அங்கே போய் உட்கார்ந்தார்கள். கண்விழிப்பும் நடந்தது, கூட்டமும் குறையவில்லை. தாயக்கட்டம் இருந்த இடத்தில் திரை வந்து உட்கார்ந்தபோது யாரும் தனித்துப் போய்விடவில்லை.

அடுத்தது, ஆட்டம் உறவை வளர்க்கும் என்ற நம்பிக்கை. இதை வேறு எங்கே நின்று சொன்னாலும் நெய்வேலி இருக்கும் தென்னார்க்காட்டு மண்ணில் நின்று சொல்லக் கூடாது. இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடத்தி, தீமிதியோடு முடிப்பார்கள். அதில் ஜனங்கள் அசையாமல் உட்கார்ந்து பார்க்கும் இரவு துகிலுரிதல் நடக்கும் இரவு. கதையை நினைத்துப் பாருங்கள். பெரியப்பா வீட்டில் புதிதாக மண்டபம் கட்டியிருக்கிறார்கள். வந்து பாருங்கள், உறவுமுறையில் ஒரு ஆட்டம் ஆடிப் போகலாம் என்று பிள்ளைகளுக்கு அழைப்பு. அழைப்பைக் கொண்டுவந்தவர் சித்தப்பா விதுரர். கொண்டுவந்தவருக்கே அதில் சம்மதமில்லை. பங்காளிகள் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்தார்கள், பெரியவர்கள் சுற்றி இருந்தார்கள், யார் கையிலும் திரை இல்லை. பதினெட்டு நாள் போர் அங்கிருந்துதான் கிளம்பியது. வள்ளுவர் 94-ஆம் அதிகாரம் முழுவதையும் சூதுக்கு ஒதுக்கியது சும்மா இல்லை.

‘அது சூது. நாங்கள் சொல்வது குடும்ப ஆட்டம்’ என்பார்கள். சரி, மனமகிழ் மன்றங்களுக்கு வருவோம். திரையில்லாத ஆட்ட இரவு தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக நாள் தவறாமல் நடந்துவருகிறது. சங்கமாகப் பதிவுசெய்து, பலகை மாட்டி, உறுப்பினர் சந்தா வாங்கி நடத்தும் மன்றங்கள் அவை. உள்ளே வட்ட மேசைகள், புகை, சீட்டுக்கட்டு. பணம் வைத்துச் சூதாடியதாக இத்தனை பேர் கைது என்று மாவட்டப் பக்கத்தில் வரும் செய்தி அநேகமாக இந்த இடங்களைப் பற்றியது. மனிதர்கள் முகத்துக்கு முகம் பார்த்துத்தான் அங்கே ஆடினார்கள். அந்த முகங்களில் பெண் முகம் ஒன்றுகூட இல்லை என்பதையும், மாதச் சம்பளம் வீட்டுக்கு வராததையும் யார் கணக்கில் எழுதுவது?

1967-ல் செகந்தராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மேசையில் சீட்டுப் போட்டவர்களுக்காகச் சொன்ன அந்த வார்த்தையின் நிழலில்தான் பிற்காலத்தில் ஆன்லைன் ரம்மி கம்பெனிகள் வந்து ஒதுங்கின. பணத்தை இழந்து தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்தி அடுக்கடுக்காக வந்தது. தமிழ்நாடு அரசு கொண்டுவந்த தடையை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இதை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. புதிய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், அந்தத் தடை ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று மறுபடி தீர்ப்பு. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. திரையின் கேடு எனக்குத் தெரியாமல் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கேட்டின் வேர் பணயத்தில் இருக்கிறது. மேசையில் ஆடினாலும் கண்ணாடித் திரையில் ஆடினாலும் குடியைக் கெடுத்தது அதே பதின்மூன்று சீட்டுதான்.

பணயமே இல்லாத ஆட்டத்திலும் தோற்ற தம்பி காயைக் கலைத்துவிட்டு எழுந்து ஓடுவான். ஆட்டம் என்றாலே போட்டி. ஏற்கெனவே சிநேகமாக இருப்பவர்கள் ஆடினால் சிநேகம் கூடும், ஆகாதவர்கள் ஆடினால் பகை கூடும். ஆட்டத்துக்கென்று தனியாக ஒரு குணம் கிடையாது.

இப்போது திரைக்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எண்பதுகளில் தெருவுக்கு ஒரு பெட்டி, இரண்டு பெட்டி இருந்தால் அதிகம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நேரத்தில் பெட்டி இருந்த வீட்டின் கூடம், திண்ணை, ஜன்னல் கம்பி எல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். 1987-ல் ராமாயணம் தொடங்கியபோது இந்தி தெரியாத பாட்டிகள்கூட ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். எந்தத் தாயக்கட்டமும் அவ்வளவு பேரை ஒரே கூடத்தில் சேர்த்ததில்லை. பிறகு வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. 2006-க்குப் பிறகு அரசே இலவசமாக வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. அதோடு பக்கத்து வீட்டுக்குப் போகக் காரணம் போயிற்று. திரை அப்படியேதான் இருந்தது. இரவல் வாங்க வேண்டிய தேவைதான் மறைந்தது.

போனுக்கும் இதே வரலாறு உண்டு. கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் ‘பி.பி.’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டு ஒரு தொலைபேசி எண் அச்சாகும். அது பக்கத்து வீட்டு எண். மகனிடமிருந்து அழைப்பு வந்தால் அந்த வீட்டம்மா வாசலில் வந்து குரல் கொடுப்பார். மகனைப் பெற்றவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவார். பேசி முடித்ததும் என்ன செய்தி என்று அந்த வீட்டம்மா கேட்பார், காப்பி கொடுப்பார். கொஞ்சம் சங்கடமும் இருந்தது, உண்மைதான். அந்தச் சங்கடம் தீர்ந்ததற்கு எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆட்டுக்கல், கிணறு, ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு ஐஸ், மாதக் கடைசியில் ஒரு டம்ளர் சர்க்கரை என்று ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போக நூறு காரணம் இருந்தது. அவை ஒவ்வொன்றாக நம் சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வசதி என்று நாம் விரும்பி வாங்கியவை அவை. அந்த வரிசையில் கடைசியாக வந்த பொருள் செல்போன். கடைசியாக வந்தவன் தலையில் மொத்தப் பழியையும் போடுவது சௌகரியம். ஃப்ரிட்ஜைக் கூடையில் போடச் சொல்ல முடியாதல்லவா.

நெய்வேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் சமீப காலத்தில் தானாகச் சேர்ந்த பெருங்கூட்டங்களில் ஒன்று 2020 பிப்ரவரியில் சேர்ந்தது. சுரங்கத்தில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு. வருமான வரித்துறையினர் நடிகர் விஜயைப் படப்பிடிப்புத் தளத்திலிருந்து அழைத்துப் போனார்கள். சோதனை முடிந்து அவர் திரும்பியதும் வாசலில் ஜனம் குவிந்தது. அவர் வாகனத்தின் மேல் ஏறி, பின்னால் நின்ற ஆயிரக்கணக்கானவர்களோடு ஒரு செல்ஃபி எடுத்தார். ரசிகர் கூட்டத்தை நான் இலட்சியச் சமூகம் என்று சொல்லவில்லை. ஆனால் திரை இருக்கும் இடத்தில் மனிதர்கள் சேர மாட்டார்கள் என்று நெய்வேலியில் நின்று சொல்கிறவர் அந்த செல்ஃபியை ஒரு முறை பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அனல்மின் நிலையமும் சுரங்கமும் இருக்கும் ஊரில் போன் விளையாட்டுச் சாமான் ஆகாது. 2020 மே 7 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து. ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன் வெடித்தது. அன்றைக்கே ஆறு பேர் இறந்தார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனையில் இருந்தவர்களில் பலர் பிறகு இறந்தார்கள். ‘தெர்மல்’ வேலைக்குக் கணவரை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணிடம், மூன்று மணி நேரம் போனை அணைத்துக் கூடையில் போட்டுவிட்டுப் பல்லாங்குழி ஆடு என்று எந்த முகத்தோடு சொல்வது? மகள் அமெரிக்காவில், மகன் பெங்களூரில் என்று இருக்கும் வயதான தம்பதிக்கு இரவு எட்டரை மணி வீடியோ அழைப்புதான் குடும்பம் கூடும் நேரம். வடமாநிலத்திலிருந்து வந்து வாடகை அறையில் தங்கி வேலை பார்க்கும் தொழிலாளி தன் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதும் அந்தத் திரையில்தான். போன் ஒருவரை யாரிடமிருந்து பிரிக்கிறது என்று கேட்கும்போதே, யாரோடு சேர்க்கிறது என்றும் கேட்க வேண்டும்.

அப்படியானால் நெய்வேலியில் மனிதர்கள் விலகிப்போனது பொய்யா? பொய்யில்லை. காரணம்தான் வேறு. நாற்காலி போட்டு உட்கார்ந்த அந்தச் சாயங்காலங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், அவை எப்படிப் போயின என்பதும் தெரிந்துவிடும்.

முப்பதுகளில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ கிடைத்தது என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957-ல் சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. அடுத்த ஆண்டு சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் மின்சாரம். வேலைக்கு வந்தவர்கள் திருநெல்வேலி, தஞ்சாவூர், கேரளம், ஆந்திரம் என்று நாலா திசையிலிருந்தும் வந்தார்கள். யாருக்கும் இங்கே சொந்தக்காரர் கிடையாது. பிரசவம் என்றால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்காதான் துணை. ஊருக்குப் போனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக அவர்தான். ஏறக்குறைய ஒரே வயது, ஒரே சமயத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள், முப்பது வருஷம் இங்கேதான் என்ற உறுதி. அந்த நெருக்கத்தைக் கட்டியது நிரந்தர வேலையும் நெடுநாள் அண்டையும்.

இன்று நிலைமை என்ன? நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பக்கத்தில் இந்திரா நகரிலோ வடக்குத்திலோ வடலூரிலோ வீடு கட்டியவர்கள் அங்கே போகிறார்கள். முடிந்தவர்கள் சென்னைக்குப் பிள்ளைகளிடம் போய்விடுகிறார்கள். முப்பது வருஷத்து அண்டை வீட்டார் ஒரு மாதக் கடைசியில் லாரி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த வீட்டுக்கு அடுத்து வருகிறவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாததற்குச் செல்போன் என்ன பண்ணும்?

ஷிஃப்ட்டைப் பற்றி இந்த விளையாட்டு இரவுக்காரர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. சனிக்கிழமை இரவு ஏழு மணி என்று நோட்டீஸ் போடுகிறார்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிஃப்ட் ஓடும் ஊரில் அந்த நேரத்தில் ஒரு பங்கு ஆட்கள் வேலையில் இருப்பார்கள். இன்னொரு பங்கு நைட் ஷிஃப்ட்டுக்குப் போவதற்காகக் கதவைச் சாத்தித் தூங்கிக்கொண்டிருக்கும். மிச்சம் வருகிறவர்களில் ஜெனரல் ஷிஃப்ட் ஆட்களே அதிகம், பெரும்பாலும் அலுவலக வேலைக்காரர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே கிளப் இருக்கிறது. அதிகாரிக்கு ஒரு கிளப், தொழிலாளிக்கு வேறொன்று, பதவிக்குத் தக்க அளவில் வீடு, வீட்டுக்குத் தக்க தெரு என்பது பொதுத்துறை நகரங்கள் பலவற்றிலும் உள்ள ஏற்பாடு. இந்த ஏற்பாட்டைத் தொடாமல் போனை மட்டும் வாங்கி வைத்தால், தினமும் பார்த்துக்கொள்கிறவர்களே ஒரு நாள் இரவும் பார்த்துக்கொள்வார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளி இருக்கிறார். நிரந்தரத் தொழிலாளியோடு அதே சுரங்கத்தில், அதே கன்வேயர் பெல்ட் ஓரத்தில் நிற்கிறவர். சம்பளம் வேறு, சீருடைக்குள் இருக்கும் நிம்மதி வேறு. பணி நிரந்தரம் கேட்டு இவர்கள் செய்த வேலைநிறுத்தங்கள் இந்த வட்டாரத்தின் சரித்திரத்தில் பாதி. வேலை முடிந்ததும் டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட்டைத் தாண்டியோ மந்தாரக்குப்பம் பக்கமோ தன் ஊருக்குப் போய்விடுவார். குடியிருப்போர் சங்கத்தில் அவர் பெயர் இருக்காது, அவர் இங்கே குடியிருப்பவர் இல்லையே. அதற்கும் வெளியே நிலம் கொடுத்த ஊர்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற நெல் வயலில் இயந்திரங்களை இறக்கிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. செல்போனில் எடுத்த காட்சிகளாகவும் அவை ஊர் ஊராகப் பரவின. அந்த வயல்காரருக்கும் டவுன்ஷிப்காரருக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஆறு அங்குலத் திரையால் வந்ததா? தாயக்கட்டையை உருட்டினால் அது குறையுமா?

இந்த ஊர் எப்போதெல்லாம் உண்மையாகக் கூடியது என்று எண்ணிப் பார்க்கலாம். 2013 ஜூலையில் மத்திய அரசு, நெய்வேலி நிறுவனத்தின் ஐந்து சதவீதப் பங்கை விற்கக் கிளம்பியபோது சங்க வேறுபாடு பார்க்காமல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கடைசியில் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே பங்கை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில் அது முடிந்தது. பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் காவடி எடுக்க டவுன்ஷிப்பும் சுற்றுக் கிராமமும் ஒன்றாக வருகின்றன. 1998-ல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் பள்ளிப் பிள்ளைகளும் கிராமத்து வாசகர்களும் பஸ் ஏறி வந்தார்கள். அங்கே நுழைவதற்குக் குவார்ட்டர்ஸ் எண் கேட்கவில்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரை கடந்தது. பண்ருட்டிப் பலா, முந்திரிக் காடுகள் சாய்ந்தன. டவுன்ஷிப்பின் மரங்களும் ஆயிரக்கணக்கில் விழுந்தன. மாநிலத்துக்கே மின்சாரம் கொடுக்கும் ஊரைச் சுற்றியிருந்த கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இதைவிடப் பெரிய திரையில்லா இரவு இந்த மாவட்டத்துக்கு வாய்த்ததில்லை. அந்த இரவுகளில் ஜனங்கள் ஒருவரை ஒருவர் தேடிப் போனார்கள். டிவி ஓடாததால் போனார்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள். விழுந்த மரத்தை அறுக்க ஆள் வேண்டும், தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டருக்குப் பங்கு போட வேண்டும், ஒருவர் கூரையை மற்றவர் தூக்கிக் கட்ட வேண்டும். தேவை இருந்தது, கதவு திறந்தது. அந்த இருட்டில் முதலில் சார்ஜ் ஏற்ற வழி தேடியதும் போனுக்குத்தான். சென்னையில் இருக்கும் மகனுக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல வேண்டுமே.

எதிர்த்தரப்பின் கையில் ஒரு நல்ல சாட்சி உண்டு. அதை நானே எடுத்து வைக்கிறேன். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமம். 2022 ஆகஸ்டிலிருந்து அங்கே தினமும் மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும். ஒன்றரை மணி நேரம் டிவியும் போனும் அணைக்கப்படும். பிள்ளைகள் படிக்கிறார்கள், பெரியவர்கள் பேசுகிறார்கள். நாடு முழுக்கப் பேசப்பட்ட ஏற்பாடு. நான் அதை மதிக்கிறேன். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது சைரனை அல்ல. கிராம சபை கூடி முடிவெடுத்தது, ஆசிரியர்களும் ஆஷா பணியாளர்களும் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள், ஊர் முழுவதற்கும் ஒரே நேரம், தினசரி. சேர்ந்து முடிவெடுக்கும் பழக்கம் அந்த ஊருக்கு முன்பே இருந்தது. மூன்று ஷிஃப்ட் அங்கே இல்லை. அழைப்பிதழும் பஜ்ஜியும் கிடையாது. ஒரு சனிக்கிழமை நடத்தும் விளையாட்டு இரவுக்கு அந்தக் கிராமத்தைச் சான்று காட்டுவது பொருந்தாது.

அமெரிக்காவில் ராபர்ட் புட்னம் என்ற அறிஞர் 2000-ல் ஒரு புத்தகம் எழுதினார். மனிதர்கள் தனித்துப்போவதைப் பற்றிய புத்தகம். அதன் தலைப்பே பந்துருட்டும் ஆட்டத்தை வைத்து எழுந்தது. அவர் கண்டது வேடிக்கையானது. அந்த ஆட்டத்தை ஆடுகிற அமெரிக்கர்கள் குறையவில்லை, கூடியிருக்கிறார்கள். வாரா வாரம் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடும் லீக்குகள்தான் சரிந்துவிட்டன. தொலைக்காட்சியையும் அவர் குற்றவாளிகளில் ஒன்றாகச் சேர்த்தார் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் சங்கம் திரும்பிவிடும் என்று சொல்ல அந்தப் புத்தகத்தில் இடமில்லை. ஆட்டம் போகவே இல்லையே!

ஒரு சின்ன விஷயம், சுருக்கமாக. விளையாட்டு இரவு நடக்கும் வீட்டில் அடுப்படியில் நிற்பது யார்? இருபது பேருக்குப் போண்டாவும் சட்னியும் காப்பியும் தானாக வராது. பல்லாங்குழி பெண்களின் ஆட்டமாக இருந்ததற்கும், பெரும்பாலும் மத்தியானத்தில் ஆடப்பட்டதற்கும் காரணம், பாத்திரம் கழுவி முடித்த பிறகு விளக்கு வைக்கும் வரைக்கும் உள்ள அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுடையது என்பதே. ஆட்டத்தை இரவுக்கு மாற்றியவர்கள் அதை அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

ஆட்டமே வேண்டாம் என்பதா என் வாதம்? வட சென்னைக்குப் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும். வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் புது வண்ணாரப்பேட்டையிலும் சின்னச் சின்ன அறைகளில் கேரம் பலகைகள் கிடக்கின்றன. பலகைக்கு மேலே தாழத் தொங்கும் விளக்கு, ஒரு டப்பா போரிக் பவுடர், சுற்றி நிற்கப் பத்துப் பேர். இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2008-ல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா ஆட்டோ ஓட்டுநரின் மகள். யாரும் கூட்டத்தைக் கூட்ட வேண்டும் என்று நினைத்து அந்தப் பலகைகளைப் போடவில்லை. தினமும் அங்கே கிடக்கின்றன, அவ்வளவுதான். யாரும் அழைக்க வேண்டியதில்லை, வரவில்லை என்றால் வருத்தப்படவும் ஆள் இல்லை. எல்லார் சட்டைப் பையிலும் போன் இருக்கும். ஸ்ட்ரைக்கர் கையில் இருக்கும்போது அதை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

வாரக் கடைசியில் ஒரு இரவை விழாவாக்கி, புகைப்படம் எடுத்து, அதை அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொள்ளும் ஏற்பாட்டை விட்டுவிடுங்கள். நெய்வேலியில் எந்த வட்டத்திலாவது பூட்டிக் கிடக்கும் ஒரு அறையைத் திறந்து, இரண்டு கேரம் பலகையும் ஒரு செஸ் பலகையும் நிரந்தரமாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். காலை ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு மதியமும், இரவு ஷிஃப்ட் போகிறவருக்குக் காலையும், பெண்களுக்கு அவர்கள் சொல்கிற நேரமும் அது திறந்திருக்க வேண்டும். ஓய்வு பெற்று இந்திரா நகருக்குப் போனவர் சாவியை வைத்துக்கொள்ளட்டும். அவருக்குத்தான் நேரமும் இருக்கிறது, பழைய முகங்களும் தெரியும். போனை என்ன செய்வது என்று அவரவர் பார்த்துக்கொள்வார்கள். ஆர்ச் கேட்டுக்கு வெளியிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்தப் பலகையில் இடம் உண்டா என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இல்லை என்பது பதிலானால், உங்கள் கிளப்பே போதும். ஊரைச் சேர்க்கிறோம் என்று சொல்லாதீர்கள்.